இரண்டு பக்க ஆங்கிலம்

எனக்கு ஆங்கிலத்தில் இரண்டாயிரம் கடினமான சொற்கள் தெரியும். பெருமையாகச் சொல்லவில்லை. வயிற்றில் குடல்வால் இருக்கிறது என்று ஒருவன் சொல்வதைப்போலச் சொல்கிறேன். இருக்கிறது, அவ்வளவுதான். எதற்கு இருக்கிறது என்று கேட்டால் பதில் கிடையாது.

நாமக்கல்லில் திருச்செங்கோடு சாலையில், பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் பட்டறைக்கு மேல்மாடியில் இவற்றைக் கற்றேன். கீழே ரப்பர் வெந்துகொண்டிருக்கும். மேலே ஒரு தகரக் கூரைக்கடியில் நாங்கள் முப்பது பேர் வெந்துகொண்டிருப்போம். வாசலில் 'உயர்நிலை ஆங்கிலச் சொல்வளப் பயிற்சி' என்று பலகை. கோழிப்பண்ணையில் கணக்கு எழுதுபவர்கள், ஃபைனான்ஸ் கம்பெனி ஆட்கள், வங்கித் தேர்வில் இரண்டு மூன்று முறை தோற்றவர்கள், லாரி புக்கிங் ஆபீசில் பில் போடும் நான். எங்கள் எல்லோருக்கும் ஒரே வியாதி. நாலு பேர் நடுவில் ஒரு சொல்லைச் சொன்னால் அந்த நாலு பேருக்கும் அது விளங்கக்கூடாது. அதற்குத்தான் அங்கே போனோம். வேலை கிடைக்கும், பதவி உயரும் என்று சொல்லிக்கொண்டதெல்லாம் சும்மா.

வாத்தியார் ஒருவர். அவர் ஆங்கிலத்தில் தொடர்ந்து நான்கு வாக்கியம் பேசி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனால் சொற்களைக் கூடை கூடையாக வைத்திருந்தார். அவர் சொல்லைக் கத்துவார், நாங்கள் பொருளைத் திருப்பிக் கத்த வேண்டும். அதுதான் பாடம்.

"மேக்னானிமஸ்!"

"பெருந்தன்மையுள்ள!"

"எக்ரீஜியஸ்!"

"படுமோசமான!"

"பெர்ஃபிடியஸ்!"

"நயவஞ்சகமான!"

இப்படி ஒரு மணி நேரம். கீழே பட்டறைக்காரர்கள் டீ குடித்துக்கொண்டே எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்களுக்கு இருந்த அறிவு எங்களில் ஒருவனுக்கும் இல்லை.

ஒருவனுக்கு மட்டும் இருந்தது என்று சொல்ல வேண்டும். டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்தவன், சேந்தமங்கலத்துக்காரன். ஒரு நாள் எழுந்து நின்று, "இதையெல்லாம் யார்கிட்டீங்க சார் பேசறது?" என்று கேட்டான். வாத்தியார் அவனை மேலும் கீழும் பார்த்தார். "மொதல்ல சேத்து வைய்யி. பேசற காலம் வரும்போது வரும்" என்றார். நாங்கள் கைதட்டினோம். அடுத்த நாளிலிருந்து அவன் வரவில்லை. 'இவனெல்லாம் எங்கே உருப்படப்போகிறான்' என்று நினைத்தேன். இன்றைக்கு அந்தக் கடைக்கு இரண்டு கிளை. அது கிடக்கட்டும், நான் சொல்ல வந்தது வேறு.

எங்கள் ஊர்ப்பக்கம் புரியாத பேச்சுக்கு இருக்கும் மரியாதை இருக்கிறதே, அதைப்போல ஒரு கேவலம் வேறெதுவும் கிடையாது. நெருப்பில் நின்று லாரிக்கு பாடி கட்டுகிறவன், ஆயிரம் அடிக்குத் துளை போட்டுத் தண்ணீர் எடுக்கிறவன், ஒரு பொடியன் வாயில் நுழையாத ஒரு சொல்லைச் சொன்னால் எழுந்து நின்று நாற்காலி போடுவான். "தம்பி இங்கிலீசுல பொளந்து கட்டுமுங்க" என்று அடுத்தவனிடம் வேறு சொல்வான். நான் அந்த நாற்காலிகளில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தவன். ஆபீசில் ஒரு முறை டயர் கடைக்காரருக்கு இரண்டு டயர் அனுப்பச் சொல்லி மெயில் போட்டேன். அதில் ஏழு பெரிய சொற்கள் வைத்தேன். அவர் போன் பண்ணி, "ஏனுங்க, எல்லாம் நல்லாத்தான் இருக்குது, உங்களுக்கு டயர் வேணுமா டியூப் வேணுமா?" என்று கேட்டார். அவரைத்தான் மடையன் என்று நினைத்தேன்.

என் அக்கா சேலத்துப் பக்கம் இளம்பிள்ளையில் வாழ்க்கைப்பட்டவள். வீட்டு முன்னறையில் சேலைகளை அடுக்கி வைத்து, செல்போனில் படம் எடுத்து வெளிமாநில வியாபாரிகளுக்கு அனுப்புவாள். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு. ஆனால் குஜராத்துக்காரனுக்கும் வங்காளத்துக்காரனுக்கும் அவளே மெசேஜ் அடிப்பாள். 'சார், சேம் கலர் நோ. அதர் கலர் குட். டுடே லாரி.' இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பே கூசும்.

"அக்கா, உன்ற தம்பி இங்கிலீசு படிச்சவன்னு வெளிய சொல்லிப்போடாத. மானம் போயிரும்."

"யாவாரம் ஆவுது சாமி. அவனுக்கு வெளங்குது, எனக்கு வெளங்குது. அப்பறம் என்ன?" என்பாள்.

விளங்குவதைக் கேவலமாக நினைக்கும் அளவுக்கு நான் படித்திருந்தேன்.

அக்காவின் கணவர், எங்கள் முறையில் எனக்கு மச்சான், போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டு வண்டிகள் போகாத ஊர் கிடையாது, ஆப்பிரிக்காவுக்கும் போகின்றன. அப்படி அங்கே ஒரு நாட்டில், வேற்று நாட்டுக் கம்பெனி ஒன்றுக்குத் துளை போடப் போயிருந்தார். பாஸ்போர்ட்டை 'பத்திரமாக இருக்கட்டும்' என்று வாங்கி ஆபீசில் வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். ஒரு நாள் காலையில் துளை போடும் ராடை மாட்டும்போது சங்கிலி நழுவி, அத்தனை பெரிய இரும்பு அவருடைய வலது கைமேல் விழுந்தது. அந்தக் கைதான் ரிக்கில் லீவரைப் பிடிக்கும் கை. கீழே பாறை வந்ததா, மண் வந்ததா, தண்ணீர் வந்ததா என்று லீவரின் அதிர்வை வைத்தே சொல்லிவிடும் கை. அவருக்கிருந்த ஒரே சொத்து அது.

கேம்ப்பில் ஒரு டாக்டர் கட்டுப் போட்டார். எலும்பு நொறுங்கியிருக்கிறது, ஊருக்குப் போய் ஆபரேஷன் செய்தால் சரியாகும், சீக்கிரம் போக வேண்டும் என்றார். கேம்ப் மேனேஜர் நல்ல மனிதர். அடுத்த வாரம் தலைநகருக்கு வண்டி போகிறது, ஏற்றிவிடுகிறேன் என்றார். அந்த வாரம் மழையில் பாதை போய்விட்டது. அதற்கடுத்த வாரம் வண்டி ரிப்பேர். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. பஸ் பிடித்து என் ஆபீசுக்கே வந்துவிட்டாள்.

"சாமி, மச்சான ஊருக்குத் தாட்டி உடமாட்டேங்கறாங்க. நீ அந்தக் கம்பெனிக்கு ஒரு லெட்டரு எழுது. நீதான் அத்தன இங்கிலீசு படிச்சிருக்கறயே."

அத்தனை ஆங்கிலம் படித்திருந்தேன். பேசற காலம் வந்தேவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இப்போது சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் அப்படித்தான் எழுதினேன்: முதலில் சொற்களைப் பொறுக்கினேன். நோட்டைப் புரட்டி, மிடுக்காகத் தெரிந்த இருபத்தைந்து சொற்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டேன். அதன்பிறகுதான் அவற்றை எங்கே செருகலாம் என்று வாக்கியம் தேடினேன். மேல்மாடியில் நாங்கள் எல்லோருமே அப்படித்தான் எழுதப் பழகியிருந்தோம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாக்கியம் அமைத்துக் காட்டினால் வாத்தியார் சிவப்பு மையில் டிக் போடுவார். சொல்லவேண்டியது என்ன என்ற கேள்வி அங்கே வந்ததே இல்லை.

இரண்டு பக்கம் வந்தது. கம்பெனியின் அலட்சியம் எக்ரீஜியஸ். மேனேஜரின் நடத்தை ரெப்ரிஹென்சிபிள். கடமையில் டெரிலிக்ஷன். வாக்குறுதிகள் பெர்ஃபிடியஸ். ஃபோர்த்வித் அனுப்பாவிட்டால் ராமிஃபிகேஷன்ஸ் கலாமிட்டஸாக இருக்கும். எழுதி முடித்து எழுந்தபோது எனக்கே என்மேல் பயம் கலந்த மரியாதை வந்தது. அக்காவுக்கு போனில் முழுவதையும் வாசித்துக் காட்டினேன்.

"தமிழ்ல என்ன சொல்லியிருக்கற சாமி?"

"தமிழ்ல சொன்னா அந்த வீரியம் வராதுக்கா."

"சரி சாமி. உனக்குத் தெரியாததா?"

கம்பெனித் தலைமை ஆபீசுக்கு மெயில் போட்டேன். ஒரு நகல் அந்த மேனேஜருக்கும். நல்ல மனிதர் என்று சொன்னேனே, அவருக்கு. ரெப்ரிஹென்சிபிள் என்றால் கண்டிக்கத்தக்க என்று பொருள். வண்டி பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்து அப்படிச் சொன்னேன்.

அது போதாதென்று கடிதத்தை வகுப்புக்குக் கொண்டுபோனேன். வாத்தியாருக்குக் கண்ணீர் வராத குறை. முதல் பத்தியைக் கரும்பலகையில் எழுதிப்போட்டார். "பாத்துக்கங்கடா! நம்ம வகுப்பு ஆப்பிரிக்கா வரைக்கும் போயிருச்சு!" என்றார். பிறகு சொல்லுக்குச் சொல் கத்தவிட்டார். என் மச்சானின் கை நொறுங்கிக் கிடந்த கதையை முப்பது பேர் பொருளோடு மனப்பாடம் செய்தோம். அவர் கை எப்படி இருக்கிறது என்று ஒருவனும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் பதில் வந்தது, கம்பெனியிலிருந்து அல்ல, அவர்களுடைய வக்கீலிடமிருந்து. உங்கள் கடிதம் குற்றச்சாட்டுகளும் மிரட்டலும் கொண்டது, ஆகவே இது சட்டப் பிரிவுக்கு மாற்றப்படுகிறது. விசாரணை முடியும்வரை அந்தத் தொழிலாளியின் ஆவணங்கள் அலுவலகத்திலேயே இருக்கும். இனி யாரும் இதுபற்றி நேரடியாகப் பேசக்கூடாது. இதுதான் சாரம்.

அதைப் படித்து நான் என்ன செய்தேன் தெரியுமா? நோட்டை எடுத்தேன். வக்கீல் கடிதத்தில் எனக்குத் தெரியாத இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்று இன்டெம்னிஃபை, நஷ்டத்தை ஈடுகட்டுவது. இன்னொன்று வெக்ஸேஷியஸ், வேண்டுமென்றே தொல்லை தருகிற. அது என் கடிதத்தைப் பற்றி அவர் சொன்ன சொல். அதை அடிக்கோடிட்டு, அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டேன். தூ!

அக்காவிடம், "பயந்துட்டானுங்கக்கா. வக்கீல வெச்சுட்டானுங்க பாரு" என்றேன்.

"வக்கீல வெச்சா நல்லதா சாமி?"

"நம்ம லெட்டருக்கு மதிப்புக் குடுத்திருக்கறாங்கன்னு அர்த்தம்."

இரண்டாவது கடிதம் போட்டேன், முதலாவதைவிடக் காட்டமாக. வக்கீலிடமிருந்து இரண்டாவது பதில் வந்தது, முதலாவதைவிடக் குளிர்ச்சியாக. எனக்கு ஏதோ சரிசமமான ஆள் ஒருவன் கிடைத்த சந்தோஷம். அங்கே மேனேஜர் மச்சானிடம் பேசுவதை நிறுத்தியிருந்தார். சாயங்காலம் கூப்பிட்டு டீ கொடுத்துக்கொண்டிருந்தவர், இவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். தலைநகருக்கு வண்டி போனது, இரண்டு முறை போனது. மச்சானை ஏற்றவில்லை. ஏற்ற மேனேஜருக்கு அனுமதி இல்லை. ஏன் என்று மச்சானுக்குத் தெரியவில்லை. போனில், "பரவால்ல, வலி சித்தெ கம்மி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடிபட்ட ஆறாவது வாரம், கூட வேலை செய்யும் பையன் ஒருவன் மச்சானுக்குத் தெரியாமல் கையைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினான். அன்றைக்கு மத்தியானமே அக்கா என் ஆபீசில் நின்றாள். தலைகூடச் சீவாமல் வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. போனை மேசைமேல் வைத்தாள். நான் படத்தைப் பார்த்தேன். விரல்கள் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் போகவில்லை.

"நீ எழுதுன லெட்டர எடு" என்றாள். "ஒவ்வொரு வரியா தமிழ்ல சொல்லு."

"அக்கா, அது வந்து..."

"சொல்லுடா."

என் அக்கா அதுவரை என்னை 'டா' போட்டதில்லை. சாமி என்பாள், கண்ணு என்பாள். நான் சொன்னேன். உங்கள் படுமோசமான அலட்சியம். கண்டிக்கத்தக்க நடத்தை. நயவஞ்சகமான வாக்குறுதி. உடனடியாகச் செய்யாவிட்டால் பேரழிவான பின்விளைவுகள். தமிழில் சொல்லச் சொல்ல அது தெருச்சண்டையாக இருந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். இரண்டு பக்கத்தையும் அக்கா முழுவதும் கேட்டாள்.

"இதுல கை வலிக்குதுன்னு எங்க எழுதியிருக்கற?"

தேடினேன். மடையன்போலத் தேடினேன், இல்லை என்று தெரிந்தும். வலது கை என்ற சொல்லே அதில் இல்லை. 'மேற்படி துரதிர்ஷ்ட நிகழ்வு' என்று ஓரிடத்தில் இருந்தது. அவ்வளவுதான். கை என்பதும் வலி என்பதும் சின்னச் சொற்கள். அவற்றை நான் ஒன்றாம் வகுப்பிலேயே படித்துவிட்டேன், ஆகவே என் நோட்டில் அவை கிடையாது.

அக்கா போனை எடுத்தாள். அங்கேயே நின்றபடி, ஒற்றை விரலால், எப்போதும் சேலை வியாபாரிகளுக்கு அடிப்பதைப்போல மேனேஜருக்கு, அந்தப் பையனிடம் வாங்கியிருந்த நம்பரில் அடித்தாள். என்னிடம் ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. அனுப்பியபிறகு எனக்குக் காட்டினாள்.

'சார், ஐ யாம் டிரில்லர் ஒய்ஃப். ஹஸ்பண்ட் ஹேண்ட் புரோக்கன். மச் பெயின். ஹீ டோன்ட் சே, பட் பெயின். ப்ளீஸ் சென்ட் ஹோம். நோ கேஸ். யூ குட் மேன், ஹீ டெல் மீ. மை பிரதர் லெட்டர் மிஸ்டேக். சாரி சார்.'

எனக்காக மன்னிப்பும் அவளே கேட்டுவிட்டாள். கூடவே அந்தப் படத்தையும் அனுப்பினாள்.

அரைமணி நேரத்தில் மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் உடைந்த ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். அவருக்கும் ஆங்கிலம் சொந்த மொழி இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பேசிக்கொண்டே அக்கா அழுதாள், "எஸ் சார், எஸ் சார்" என்றாள். அவர் தலைமை ஆபீசில் யாரையோ பிடித்து, கேஸ் இல்லை என்று சொல்லி, பாஸ்போர்ட்டை வாங்கிவிட்டார். ஐந்தாம் நாள் மச்சான் கோயம்புத்தூரில் வந்து இறங்கினார்.

சேலத்தில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "கோணலாச் சேந்துருச்சுங்க. ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா நேர் பண்ணியிருப்பேன். இப்ப மறுபடி ஒடச்சு வெச்சாலும் பிடி வராது" என்றார். நல்ல தமிழில் சொன்னார். எல்லாம் விளங்கியது.

வாத்தியாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை, திட்டு வாங்கப் போனேனோ என்னவோ. அவர் யோசித்துவிட்டு, "லெட்டருல ஒரு குத்தமும் இல்ல. படிச்சவனுக்குத் தரம் பத்தல" என்றார். வகுப்பு தொடங்க நேரமாகிவிட்டது என்று சாக்பீசைத் தேடினார். கரும்பலகையின் மூலையில் என் கடிதத்தின் முதல் வரி இன்னும் அழியாமல் இருந்தது. 'ஆப்பிரிக்கா வரை பேசப்பட்ட பயிற்சி' என்று வாசல் பலகையில் பிற்பாடு ஒரு வரி சேர்த்தார். அந்தச் சாலையில் போகிறவர்கள் இன்றும் அதைப் படிக்கலாம்.

மச்சான் இப்போது ரிக்குக்குப் போவதில்லை. இளம்பிள்ளை வீட்டில் அக்கா சேலை மடிக்கும்போது ஒரு முனையைப் பிடித்துக்கொள்கிறார், இடது கையால். போன மாதம் கோயில் நோம்பிக்குப் போயிருந்தேன். பெரும்பாலும் அவர் கண்ணில் படாமல்தான் வந்துபோவேன், அன்றைக்கு இலை போட்டு எதிரெதிரே உட்காரவைத்துவிட்டார்கள். இடது கையில் ஸ்பூனை வைத்துக்கொண்டு சோற்றைப் பிசைய முயன்றுகொண்டிருந்தவர், திடீரென்று நிமிர்ந்தார்.

"மாப்ள, உங்ககிட்ட சொல்லோணும்னே இருந்தேன். நீங்க எழுதுன லெட்டரு வந்தன்னிக்கு ஆபீஸ் ஆளுங்க கேம்ப்புல எல்லாரையும் கூப்புட்டு சத்தமாப் படிச்சாங்க. அட அட, என்ன இங்கிலீசு! எல்லாரும் உழுந்து உழுந்து சிரிச்சாங்க. சந்தோசத்துலதான்னு நெனைக்கறேன். எனக்கு ஒன்னும் வெளங்குல. ஆனா இது என்ற மாப்ள எழுதுனதுன்னு நெஞ்ச நிமுத்திச் சொன்னேன். நானும் அவியகூடச் சேந்து சிரிச்சேன்."

அக்கா ரசம் ஊற்ற வந்தவள் அப்படியே நின்றாள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் லேசாக ஆட்டினாள், சொல்லாதே என்று.

"நல்லா எழுதியிருந்தீங்க மாப்ள" என்றார் மச்சான்.

"சரிங்க மச்சான்" என்றேன்.